சுண்டுவிரல்

தாராவியில் குடியிருந்த செல்லப்பாண்டி பஞ்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தார். காலையில் வீடு திரும்பினாலும் படுக்கமாட்டார். டீக்கடை, ஸ்டேஷன் என்று கண் சிவக்கச் சுற்றிக்கொண்டிருப்பார். ஆள் துரும்பாக இளைத்துப்போனார். 1964இல் கல்யாணமாகி வந்த தங்கத்தாய் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நேராகவே காரணம் கேட்டாள்.

“ஏளா, ஒறங்கப் பயமா இருக்கு,” என்றார் அவர். “கண்ணசந்ததும் முழிப்புத் தட்டும். கூரை தெரியும், தெருச் சத்தம் கேக்கும். ஆனா கை கால் அசையாது, வாயும் தெறக்காது. நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். செத்துட்டேன்னே நெனைப்பேன்.”

தங்கத்தாய் சிரிக்கவில்லை. “கண்ணு அசையுமா?”

“அது மட்டும் அசையும்.”

“அப்பம் படுங்க. நான் உங்க கண்ணையே பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அன்று மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கியபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். திடீரென்று அவர் கண்கள் திறந்து அங்குமிங்கும் தவித்தன. உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது. அவள் அவருடைய சுண்டுவிரலைத் தொட்டாள். அவ்வளவுதான். அடைத்திருந்த மூச்சு பீறிட்டு வந்தது. கையும் காலும் திரும்பக் கிடைத்தன. இத்தனை வருஷம் தன்னை ஆட்டிவைத்தது ஒரு தொடுதலில் விலகியதை நம்பமுடியாமல் அவர் தன் விரலையே பார்த்தார்.

அதன்பின் பயமில்லாமல் படுத்தார். ஒருநாள் தானாகவே விழித்தபோது, தங்கத்தாய் சுவரில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் அத்தனை இரைச்சல். எந்தக் காவலும் இல்லாமல் ஒருத்தி தன்னை உறக்கத்திடம் இப்படி ஒப்படைக்க முடியுமா என்று, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி செல்லப்பாண்டி பார்த்துக்கொண்டே இருந்தார்.