வெட்டிய கார்டுக்கும் வரி உண்டு

இன்று என் வீட்டுக்காரரோடு இங்கே மலேசியாவில், மூவார் டவுனில் வங்கிக்குப் போய் வந்தேன். கடனே இல்லாத எங்களுக்குக் கடன் பாக்கி என்று எஸ்எம்எஸ் வந்திருந்தது.

போன வருடம் என் ஃபேக்டரி ஓவர்டைம் பணத்தையெல்லாம் கொட்டித்தான் அவருடைய கிரெடிட் கார்டுக் கடனை அடைத்தோம். அன்றே அவர் கார்டை இரண்டாக வெட்டி, சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டார்.

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார்.

"அக்கா, கார்டுக்கு வருஷா வருஷம் சர்வீஸ் டேக்ஸ் இருபத்தஞ்சு வெள்ளி. நீங்க கட்டல, அதான் லேட் சார்ஜும் ஏறியிருக்கு."

"கார்டையே வெட்டிட்டேன் லா!" என்றார் இவர்.

"வெட்டினா போதாது அண்ணே. எங்ககிட்ட சொல்லி கேன்சல் பண்ணணும்."

நான்தான் பணத்தைக் கட்டி, கையோடு கேன்சல் பண்ணச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சாமி மேடையைப் பார்த்தால் அலுப்பாக இருக்கிறது. ஒரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் அந்த இரண்டு துண்டுக்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டியிருக்கிறேன். கடன் வளராமல் என்ன செய்யும்?

உங்கள் வீட்டில் வெட்டிய கார்டு எந்தச் சாமிக்குப் பக்கத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்.