லாரிக்காக வந்த செவ்வாய்

சம்பூர்ணத்துக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவள் கத்திக்கொண்டிருக்கும்வரை ஊரில் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். குரல் தணிந்துவிட்டால், எதிரில் நிற்பவர் ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோல நகர்ந்துவிடுவார். 2004ஆம் ஆண்டு பங்குனியில் அந்தக் குரல் ஒரு வாரம் தணிந்தே இருந்தது.

அவள் பிறந்தது கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில். கிணறு வெட்டினால் உப்பு ஊறும் மண். குடிதண்ணீருக்கே காலையும் மாலையும் நடந்து பழகியவள். கருங்குழிக்குக் கிழக்கே ஏரிப் பாசனமுள்ள ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து வண்டியிலிருந்து இறங்கியதும் மாமனாரிடம் கேட்ட முதல் கேள்வியே, "நம்ம நெலத்துக்கு ஏரித் தண்ணி வருமா?" என்பதுதான். வரும் என்றார் அவர். எல்லோருக்கும் கடைசியாக வரும் என்பதைச் சொல்லவில்லை.

நிலம் ஒரு ஏக்கர், கடைமடையில். மதகிலிருந்து கிளம்பும் கால்வாய் மற்ற வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும் இடம் அது. ஏரி நிரம்பிய ஆண்டுகளில் கவலையில்லை. குறைந்த ஆண்டுகளில் தண்ணீரை முறை வைத்து விடுவார்கள். புதன்கிழமை மதகை ஒட்டிய வயல்களில் தொடங்கி, நாளுக்கு ஒரு பங்காகக் கீழே இறங்கி, செவ்வாய்க்கிழமை கடைமடையில் முடியும். செவ்வாய் முழுதும் கடைமடைக்காரர்களுடையது.

அந்தச் செவ்வாயை எடுத்துக்கொண்டு போனது ஒரு லாரி.

கால்வாய்க்கு அந்தப் பக்கம், மேட்டில், அருணகிரிக்குச் செங்கல் சூளை இருந்தது. ஊரின் பெரிய கை அவர்தான். சூளையிலிருந்து சாலைக்கு வர வேண்டுமானால் லாரி கால்வாய்க்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். ஒரு சிறு பாலம் கட்டியிருக்கலாம். அவர் கட்டவில்லை. கல் ஏற்ற வந்தது சிங்கப்பெருமாள் கோயில் சின்னராசுவின் லாரி. மற்ற நாட்களில் அது ஜல்லி அடிக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும்தான் அருணகிரிக்கு. அதை ஓட்டியவன் சம்பூர்ணத்தின் புருஷன் குமார்.

1993 மாசியில், முறை வைத்த ஒரு செவ்வாய்க்கிழமை, கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது லோடு ஏற்றிய லாரி அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டது. அத்தனை கல்லையும் இறக்கி, டிராக்டர் கட்டி இழுத்தார்கள். அருணகிரி கரையில் நின்று குமாரைத் திட்டினார், தண்ணீரைத் திட்டினார், கடைமடைக்காரர்களைத் திட்டினார். அந்த வெள்ளிக்கிழமை எல்லையம்மன் கோயிலில் பூசாரி மேல் ஆத்தா வந்தாள். செவ்வாய்க்கிழமை அந்தக் கால்வாய் தன்னுடைய நடைவழி என்றாள்; தன் காலை நனைப்பவன் குடும்பம் விளங்காது என்றாள். முதலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவர் அருணகிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் செலவில் கிடா வெட்டினார்கள்.

கறி விருந்து முடிந்து வீட்டுக்கு வந்த குமார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஆத்தாவுக்கே லாரி டைமு தெரிஞ்சிகீதுடி."

சம்பூர்ணமும் சிரித்தாள். பின்னாளில் அவளை மிகவும் எரித்தது அந்தச் சிரிப்புதான். அன்று கால்வாய் காய்ந்து கிடந்தால் புருஷனுக்கு வேலை சுலபம் என்றுதான் தோன்றியது. கடைமடையின் பங்கைத் திங்கட்கிழமைக்காரர்களோடு சேர்த்துவிட்டார்கள். அவர்கள் பாய்ச்சி முடித்த பிறகு மிச்ச இரவு கடைமடைக்கு. அடுத்தடுத்த ஆண்டுகளில் மழை நன்றாகப் பெய்தது. யாருக்கும் வலிக்கவில்லை.

அவள் சாமி இல்லை என்கிற ஆள் அல்ல. அஷ்டமி நவமியில் விதை நெல்லை ஊறவைக்கமாட்டாள். ராகுகாலத்தில் பெண் பார்க்க வந்தவர்களைத் தெருமுனையிலேயே நிற்கவைத்தவள். சந்திராஷ்டமம் என்றால் யாரிடமும் வாய் கொடுக்கமாட்டாள், அல்லது கொடுக்காமலிருக்க முயல்வாள். நாள் பார்ப்பதில் அவளுக்குச் சண்டையே இல்லை. இந்த ஒரு நாள் பிறந்ததை மட்டும் அவள் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வளர்ந்தது. மண் தீர்ந்து சூளை மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் வேலிக்காத்தான் முளைத்தது. லாரி காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. செவ்வாய் மட்டும் போகவில்லை. முன்னொரு காலத்தில் கால்வாயில் ஒரு கன்னிப்பெண் மூழ்கிச் செத்தாள் என்று கதை சேர்ந்தது. அந்தக் கால்வாயில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பிறகு கல்பாக்கத்தில் உத்தியோகம் பார்க்கும் ஹரிகிருஷ்ணன் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்தான். பன்னெடுங்காலமாக நம் முன்னோர் கால்வாய்க்கு வாரம் ஒருநாள் ஓய்வளித்து மண்வளம் காத்தனர் என்று அதில் போட்டிருந்தது.

சம்பூர்ணம் நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டே அவனைக் கேட்டாள்.

"பன்னெடுங்காலம்னா எவ்ளோ காலம் தம்பி? எங்க பொண்ணு ரோகிணி மூணாங்கிளாஸ் படிக்கசொல்ல ஆரம்பிச்சதுப்பா இது."

"உங்களுக்குப் புரியாதுக்கா. இதுல சயின்ஸ் கீது."

"லாரி கீதுப்பா இதுல."

அவன் அக்கா வேடிக்கையாகப் பேசுவதாக எண்ணிச் சிரித்துவிட்டுப் போனான்.

2003இல் மழை ஏமாற்றியது. அடுத்த பங்குனியில் ஏரி, மதகு வாயைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது. சம்பூர்ணத்தின் ஒரு ஏக்கர் நெல்லும் பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது. அந்த நேரத்தில் ஒரு பாய்ச்சல் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் பதர். திங்கட்கிழமை இரவு முழுதும் மண்வெட்டியோடு கடைமடையில் நின்றாள். மேல்வயல்காரர்கள் மடையைக் கட்டவே இல்லை. விடியும்போது கால்வாயில் வந்தது ஒரு தவளை நனையும் அளவுக்கு ஈரம். புதன்கிழமை முறை மறுபடி மேலிருந்து தொடங்கிவிடும். அந்தச் சுற்றோடு ஏரி தீர்ந்துவிடும். நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். மதகு மூடியிருக்கும் நாள்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவினாள். கட்டிலில் இடுப்புப் பட்டை கட்டிப் படுத்திருந்த குமார் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து உட்கார்ந்தான். ஆறு வருடத்துக்கு முன்பு இடுப்பு போனதிலிருந்து அவனுக்கு ஓட்டும் வேலை இல்லை.

"மதகத் தொறக்கப் போறேன்," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"இன்னாடி பேசற? இன்னிக்கி செவ்வாக்கெழம."

"யோவ், யாருகிட்ட செவ்வாக்கெழம சொல்ற? ஓட்டுனவன் நீ. சிரிச்சவன் நீ."

"சிரிச்சேன். அதான் அனுபவிக்கறேன்." குமார் இடுப்பைத் தொட்டுக் காட்டினான். "ஆத்தா நடக்கற வழியில வாரா வாரம் லோடு வண்டி வுட்டேன். சும்மா வுடுவாளா?"

சம்பூர்ணம் அவன் இடுப்புப் பட்டையைப் பார்த்தாள். ஊரே நம்பட்டும். இவன் எப்படி நம்பினான்? எந்தப் பொய் எந்தச் சேற்றில் பிறந்தது என்று அறிந்தவன், அதே பொய்யைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஆறு வருடமாகப் படுத்திருக்கிறான். அருணகிரியின் மேல் இருந்த கோபத்தைவிட இந்தக் கோபம் பெரிதாக இருந்தது.

"உன் இடுப்ப ஒடிச்சது ஆத்தா இல்ல. லாரியோட பட்ட ஒடிஞ்ச ஸ்பிரிங்கு. மாத்திக் குடுன்னு சின்னராசுகிட்ட எத்தினி தபா கேட்ட? அவன் மாத்தல. அவன் மேல வராத கோவம் உனுக்கு ஆத்தா மேல பயமா வருதா?"

"கத்தாதடி."

அவள் கத்தவே இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.

மதகின் கதவைத் தூக்க ஒரு இரும்புச் சாவி உண்டு. திருகுத் தண்டின் தலையில் மாட்டிச் சுற்ற வேண்டும். அது ஊருக்குத் தண்ணீர் விடும் சின்னையனிடம் இருக்கும். ஏரிக்கரையில் அவரைப் பிடித்தாள்.

"சாவியக் குடுண்ணே."

"ஏம்மா, என்னிய ஏன் பேஜார் பண்ற? இன்னிக்கி குடுக்கமாட்டேன்."

"நீயும் அன்னிக்கி லாரியத் தள்ளுனவன்தானே?"

"தள்ளுனேம்மா. அதுக்கு?"

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். மேல்வயல்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கடைமடைக்காரர்களில் இரண்டு பேர் வந்து, தள்ளி நின்றார்கள். அருணகிரியும் வந்தார். வயதாகிவிட்டது, நெற்றி நிறையக் குங்குமம். சூளையை மூடிய பிறகு கோயில் தர்மகர்த்தா ஆகியிருந்தார்.

சம்பூர்ணம் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "அண்ணாத்த, ஆத்தா மேல கை வெச்சி சொல்லு. செவ்வாக்கெழம வெச்சது ஆத்தாவா, உன் லாரியா?"

மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். மறுத்தால் சொல்ல வேண்டியதையெல்லாம் வழி நெடுகக் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் மறுக்கவில்லை.

"லாரிக்காகத்தாம்மா பூசாரிகிட்ட சொன்னேன். இல்லேன்னு சொல்லல," என்றார் நிதானமாக. "ஆனா எனுக்கு அத சொல்லணும்னு தோண வெச்சது யாரு? அவதானே? லாரிய சேத்துல எறக்குனவளும் அவதான்."

கூட்டத்தில் தலைகள் ஆடின. ஒருவர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னால் பொய் ஓடிவிடும் என்று பத்து வருடமாக நம்பியிருந்தவள் அவள். உண்மையைக் கேட்டுவிட்டுப் பொய் இன்னும் சௌகரியமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்ததை அங்கே நின்று பார்த்தாள். அந்தக் கணத்தில் அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. அவள் பயந்து பயந்து காத்த அஷ்டமிக்கும் நவமிக்கும் ராகுகாலத்துக்கும் பின்னால் யாருடைய எந்த லாரி நின்றிருந்ததோ! அதைப் பார்த்தவள் எவளோ, அவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மதகு மேடையில் ஏறினாள். வெறுங்கையால் திருகுத் தண்டைப் பிடித்தாள். அது அசையவில்லை. துருப்பிடித்த தண்டு உள்ளங்கையைக் கிழித்தது. யாரும் தடுக்கவில்லை. சாவி இல்லாமல் அது திறக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

"எறங்குடி," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

குமார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அதன் மேலேயே பாதி சாய்ந்து வந்திருந்தான். ஹேண்டிலில் லாரியின் வீல் ஸ்பேனர் தொங்கியது. வண்டியை எடைக்குப் போட்டபோது அவன் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட ஒரே பொருள்.

"குமாரு, வாணாம்பா," என்றார் சின்னையன்.

"நீ எறங்கு சம்பூர்ணம். நீ தொறந்தா உன் மேல வரும், புள்ள மேல வரும். எனுக்குத்தான் ஏற்கெனவே வந்துடிச்சே. இன்னும் ஒடைக்கறதுக்கு ஆத்தாவுக்கு எங்கிட்ட இன்னா கீது?"

ஸ்பேனரின் வாய் தண்டுக்குப் பெரிதாக இருந்தது. துண்டின் முனையைக் கிழித்துச் சுற்றி இறுக்கினான். ஒவ்வொரு சுற்றுக்கும் பல்லைக் கடித்தான். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. கதவு எழும்பியது. அடியில் கிடந்த தண்ணீர் முனகிக்கொண்டு கால்வாயில் இறங்கியது. கூட்டத்தில் ஒருவர்கூட கால்வாய்க்குள் காலை வைத்து அதை மறிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அங்கே காலை நனைக்க யாருக்கும் தைரியமில்லை. கடைமடைவரை ஒரு மடையைக்கூட ஒருவரும் வெட்டவில்லை. அந்த ஊரில் கடைமடைக்கு அவ்வளவு முழுசாகத் தண்ணீர் போனது அன்றுதான்.

நெல் விளைந்தது. குமார் பத்து நாள் கட்டிலை விட்டு எழவில்லை. இடுப்பு வலிதான், வேறொன்றுமில்லை. எழுந்தபோது முன்பு எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான்.

ஊர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தது. மறு வருடம் தையில் முறை வைக்கக் கூடியபோது, தர்மகர்த்தா அருணகிரியே சொன்னார்: கடைமடைக்குச் செவ்வாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் மதகைக் குமார் கைதான் தொட வேண்டும். ஆத்தா அவனிடம் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டாள், அவனுக்குத் தோஷமில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை காலை, சின்னையன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் மாலையும் மதகுச் சாவியும் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். குமார் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. லாரியில் உட்கார்ந்த காலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அவள் பார்க்காத பெருமை. சம்பூர்ணத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவுமில்லை, பறிக்கவும் மனமில்லை. தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு மாலை வேறு போட்டு வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

தாம்பாளத்திலிருந்து சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏய், நில்லுடி! ஊர்ல சொல்லியிருக்காங்க," என்றான் குமார்.

"மாலையப் போட்டுக்கினு உக்காரு. வந்து சோறு போடறேன்."

சின்னையன் தாம்பாளத்தோடு பின்னால் ஓடிவந்தார். அவள் மதகில் ஏறிச் சாவியை மாட்டிச் சுற்றினாள். தண்ணீர் வந்தது. கரைக்குக் கீழே நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் கேட்கும்படி சின்னையன் குரல் கொடுத்தார்.

"குமாரு கையால தொறந்தாச்சு!"

சம்பூர்ணம் திரும்பினாள்.

"அண்ணே. இன்னா சொன்ன?" மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்மா, ஊருக்கு ஒரு வார்த்த..."

"யாரு தொறந்தது?"

சின்னையன் தாம்பாளத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். நகர்ந்துகொள்ள வேலை எதுவும் நினைவுக்கு வரவில்லை போலும்.

"சம்பூர்ணம் தொறந்தது," என்றார்.

"கீழ கேக்கல."

"சம்பூர்ணம் தொறந்தது!" என்று கத்தினார்.

நாற்றங்காலில் நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. கொஞ்ச நேரம் மேலே பார்த்தன. பிறகு குனிந்துகொண்டன. சம்பூர்ணம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீரோடு சேர்ந்து, கால்வாய்க்குள்ளேயே இறங்கிக் கடைமடைக்கு நடந்தாள்.