மலைப்பாதைப் பேயாகிப்போன சின்னம்மா

உலகம் முழுக்கப் பலரை நடுங்க வைத்த ஒரு பேய்க்கு நான் நெருங்கிய சொந்தக்காரன். அந்தப் பேய் என் அம்மாவின் தங்கை. சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஒரு ஃபேக்டரியில் சீசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அப்போது நான் திருப்பதியில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அறையில் முதல் கேமரா போன் வாங்கியவன் மதனப்பள்ளிக்காரன். அதில் எடுத்தால் பட்டப்பகல்கூட அமாவாசை மாதிரிதான் விழும். ஆனாலும் அதைத் தொட்டுப் பார்க்க ஹாஸ்டலே வரிசையில் நின்றது. சித்தூர் போகும்போது ஒருநாள் அதை இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

ஷிப்ட் முடிந்து சின்னம்மா வெளியே வந்தார். வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி, முழங்கை வரைக்கும் காய்ந்துபோன கூழ். வாயைச் சுற்றியும் கொஞ்சம். பின்னால் பாய்லர் ஆவி புகைந்துகொண்டிருந்தது. போனை நீட்டினேன். போட்டோ எடுக்கிறேன் என்று நினைத்து, கண் இமைக்காமல் விறைத்து நின்றார்.

"சின்னம்மா, இது வீடியோ. நடந்து வாங்க."

கேமரா ஆடிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, அடிமேல் அடி வைத்து வந்தார். முகம் லென்சை முட்டும் அளவுக்கு வந்ததும் கேட்டார்: "துன்னியா நைனா?"

நடந்தது இவ்வளவுதான்.

வீடியோவை அழிக்காமலே போனைத் திருப்பிக் கொடுத்தேன். மதனப்பள்ளிக்காரன் அதில் பாட்டு ஏற்றுவதற்காக பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த நெட் சென்டரில் கொடுத்திருக்கிறான். அந்தக் கடைக்காரருக்கு டிக்கெட் புக்கிங், பரீட்சை ரிசல்ட் இதெல்லாம் சைடு தொழில். உண்மையான வியாபாரம் பேய் வீடியோ. அதில் வெறும் நாற்காலியையே காட்டிக்கொண்டிருப்பார்கள். நாம் கிட்டக்கப் போய் உற்றுப் பார்க்கும்போது ஒரு முகம் பாய்ந்து கத்தும். கத்துவது தெரிந்தும் பசங்கள் நண்பனைக் கூட்டிக்கொண்டு வந்து, அவன் அலறுவதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். தாராளமயம் வந்தபிறகு குளிக்கிற சோப்பிலிருந்து பயப்படுகிற பேய் வரைக்கும் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. அவருக்கு ஒரு உள்ளூர்ப் பேய் தேவைப்பட்டது. சின்னம்மா அகப்பட்டார்.

கொஞ்ச நாள் கழித்து மெஸ்ஸில் ஒரு ஜூனியர் போனை நீட்டினான். "அண்ணா, ஹார்ட் வீக்குன்னா பாக்காதீங்க. பாகராப்பேட்டை மலைப்பாதையில நெஜமா எடுத்தது. லாரி டிரைவர் எடுத்தானாம், எடுத்ததும் ரத்தம் கக்கிட்டானாம்."

பார்த்தேன். ஆவி பனிமூட்டமாகியிருந்தது. மாம்பழம் ரத்தமாகியிருந்தது. கரகரவென்று தேய்ந்துபோன குரலில் "துன்னியா" என்று கேட்டது, தமிழ்ப் பசங்கள் காதில் "துன்னவா" என்று விழுந்தது. தெலுங்குப் பசங்களுக்கு "திண்டானு". ஆகமொத்தம் சாப்பிட்டாயா என்று விசாரித்தவர், சாப்பிட்டுவிடுவேன் என்று மிரட்டியவராகிவிட்டார்.

கடைக்காரரிடம் போனேன். "அண்ணா, அது எங்க சின்னம்மா."

"ஊருகோ தம்முடு, சும்மா இருப்பா," என்றார் நிதானமாக. "சின்னம்மான்னு சொன்னா எவன் பாப்பான்?"

ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் அமெரிக்காவிலிருந்து மெயில் வந்தது. அனுப்பியவர் சின்னம்மாவின் ஒரே பையன், எனக்கு அண்ணன் முறை. போய்ச் சில வருஷங்களாகியிருந்தது. கம்ப்யூட்டர் படித்தவர், சாமியே இல்லை என்று ஊரில் சண்டை போட்டவர். "அந்த ரோட்டுல யாரும் போவாதீங்க. இந்த வீடியோவப் பாரு. இங்க ஆபீஸ்ல எல்லாரும் பயந்துட்டாங்க. எனக்கே தூக்கம் வரல" என்று எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டேன்.

"அண்ணா, அது உங்க அம்மாண்ணா."

சிரித்தார். பிறகு வீடியோவை மறுபடி ஓட விட்டார் போலிருக்கிறது, அந்தக் கரகரப்பு லேசாகக் கேட்டது.

"எங்கடா இது?"

"மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல."

"அம்மா வேலைக்கா போய்க்கினு இருக்குது?"

அவருக்குத் தெரியாது. வாராவாரம் பேசுவார்கள், அங்கே பனி எப்படி, இங்கே மழை எப்படி என்று வானிலை அறிக்கை வாசித்துவிட்டு வைத்துவிடுவார்கள். "அவன் கேக்கவே இல்ல, நானும் சொல்லல" என்றார் சின்னம்மா பின்னாடி என்னிடம். வீட்டில் தனியாகச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லையாம்.

அண்ணன் அந்தச் சம்மருக்கே வந்தார். வேலையை விடச் சொல்லி அம்மாவோடு மல்லுக்கட்டினார். சின்னம்மா தலையாட்டிவிட்டு, அவர் பிளேன் ஏறியதும் ஷிப்டுக்குப் போனார்.

வீடியோ இன்னும் சாகவில்லை. பேய் வருஷத்துக்கொரு ஊர் மாறும். ஒருமுறை மலேசியாவில் இருந்தது. "இது எங்க சின்னம்மா" என்று கீழே எழுதிப் பார்த்தேன். ஃபேக், விளம்பரப் பிரியன் என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். ஒன்றும் சரியாகத் தெரியாத படத்தில் அவரவருக்கு வேண்டிய பயத்தை அவரவரே நிரப்பிக்கொள்கிறார்கள். நடுவில் நான் போய்ச் சொந்தம் கொண்டாடினால் கோபம் வராதா?

போன தடவை சித்தூர் போனபோது பெரிய போனில் சின்னம்மாவுக்கே போட்டுக் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். லட்சக்கணக்கான பேர் இதைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"பயப்படாம என்ன செய்வாங்க," என்றார். "கோட்டு தோள்ல எப்படித் தொங்குது பாரு. சின்ன சைசு குடுன்னு அந்த சூப்பர்வைசர் கிட்ட அப்பவே சொன்னேன்."