ஏரிக்கரையில் என் சைக்கிள் கிழித்த கோடு

அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. விழுப்புரத்தில் எனக்கு வேலை. வயது இருபத்திரண்டு, வாய் மட்டும் நாற்பது. கண்டாச்சிபுரம், செஞ்சி, திண்டிவனம் என்று சுற்றி, பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகச் சைக்கிள் பயணத் திட்டம். கூட வருவதாக இருந்த நண்பன் வானத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். "நான் என்ன வெல்லக்கட்டியா, கரைஞ்சு போக?" என்று அவனைக் கேலி செய்துவிட்டுத் தனியாகவே கிளம்பினேன்.

இரண்டாம் நாள் செஞ்சியைத் தாண்டியதும் ரோட்டையே காணோம். எங்கும் தண்ணீர். ஓர் ஏரிக்கரை மட்டும் மேடாகத் தெரிய, அதன்மேல் ஏறிவிட்டேன். ஒரு பக்கம் விளிம்புவரை தளும்பும் ஏரி. மறுபக்கம் பள்ளத்தில் நெல்வயலும், அதையொட்டி ஓர் ஊரும். கரை தாழ்ந்திருந்த ஓரிடத்தில் சக்கரம் சேற்றில் புதைந்தது. எரிச்சலில் வண்டியைக் குறுக்காக வயல் பக்கம் இழுத்தேன். சக்கரம் கிழித்த கோட்டில் தண்ணீர் விரல் தடிமனுக்கு இறங்க ஆரம்பித்தது. மண்ணை அள்ளி அடைத்தேன், கரைந்து போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு முழ அகலமாகிவிட்டது.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டார். "யோவ், ஏரி ரொம்பிக் கீது, வண்டிய இழுத்துக்கினு வர்றியே, அறிவு கீதா?" என்று கத்தியவர், புல்லுக்கட்டை உடைப்பில் போட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்துவிட்டார். முதுகு ஏரிக்கு, கால்கள் இரண்டும் கரையில் ஊன்றி. "மாதா கோயில் மணிய நிறுத்தாம அடி. ஜல்தி போய்யா!"

ஓடினேன், விழுந்தேன், எழுந்து ஓடினேன். ஊருக்குள் கோயில் மணிக்கயிற்றைப் பிடித்து விடாமல் இழுத்தேன். அந்த ஊரில் வேளை தவறி மணி அடித்தால் ஏரி உடைகிறது என்று அர்த்தமாம். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. விபூதி பூசியவர், ஜெபமாலை போட்டவர் எல்லாரும் வீட்டுக்கு ஒரு வைக்கோல் கட்டோடு ஓடினார்கள். வைக்கோல் இல்லாத ஒருவர், கொட்டுகிற மழையில் தன் வீட்டுக் கூரையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த அம்மா அசையவே இல்லை. தண்ணீர் தோளைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு பெண்கள் அவரை இருபுறமும் அணைத்து உட்கார, ஆண்கள் கழி நட்டு, வைக்கோலும் மண்ணும் போட்டு மிதித்தார்கள். உடைப்பு நின்றபின்தான் அவரைத் தூக்கினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

மணி அடித்த புண்ணியவான் என்று என் கையில் கேப்பைக் கூழைக் கொடுத்தார்கள். குடிக்காமல் கீழே வைத்தேன். என் வண்டியால்தான் கரை உடைந்தது என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன். "கூழக் குடிய்யா, ஆறுது" என்றார் கூரையைப் பிய்த்தவர்.

அந்த அம்மாவிடம் போய், "என்னை உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஓடியிருக்கலாமே?" என்று கேட்டேன். நடுங்கிக்கொண்டே சிரித்தார்.

"நான் போயிருந்தா, நீ உக்காந்துகினு இருந்திருப்பியா?"

வருஷங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. மழை வலுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. "இருந்திருப்பேன்" என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.