‘ஓம்’ இல்லாத பாஷை

என் அக்காவின் மகள் அயர்லாந்தில் தாதியாக வேலை செய்கிறாள். அங்கேயே ஒருவனைப் பிடித்துக்கொண்டு, கல்யாணம் மட்டும் திருகோணமலையில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாப்பிள்ளையின் தகப்பனும், தகப்பனின் தமக்கையும் ஒரு கிழமை முன்பே வந்து எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. நான் துறைமுகத்தடியில் ஓட்டோ ஓட்டுகிறவன். வெள்ளைக்காரரைக் கடற்கரைக்கு ஏற்றி இறக்கியதில் என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை உண்டு.

“அவைக்குச் சொந்தப் பாஷை ஒண்டு இருக்கு மாமா, ஐரிஷ் எண்டு. ரெண்டு சொல்லுச் சொன்னீங்களெண்டால் உருகிப்போயிடுவினம்,” என்றாள் மருமகள் தொலைபேசியில்.

மூன்று மாதம் கைத்தொலைபேசியில் படித்தேன். வணக்கத்துக்கு ‘டீயா கிட்’. கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்று பொருள். பதில் சொல்கிறவர் கடவுளோடு மாதாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோணேசரைக் கும்பிடுகிற நான் காலையும் மாலையும் மாதாவைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன். எழுத்துகளோ இன்னும் மோசம். பத்து எழுத்தை எழுதிவிட்டு மூன்றைத்தான் வாயால் சொல்கிறார்கள். பழக ஆள் இல்லாமல் பஸ் நிலையத்தடியில் திரியும் மான்களிடம் சொல்லிப் பார்த்தேன். அவை எழும்பிப் போய்விட்டன.

“தொண்டையில முள்ளுச் சிக்கின ஆள் மாதிரிக் கிடக்கு. டொக்டரிட்டக் காட்டுங்கோ,” என்றாள் மனைவி.

அவர்கள் வந்த அன்று வாசல் படலையில் நின்று தகப்பனுக்கு என் வணக்கத்தைச் சொன்னேன். மனிதர் காதுவரை சிவந்துபோனார். பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடம் அந்தப் பாஷையைப் படித்தாராம். ஒரே ஒரு வசனம்தான் மிச்சமாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ‘நான் கழிப்பறைக்குப் போகலாமா?’ என்பதுதான் அது. சொல்லியும் காட்டினார். பிசகில்லாமல் வந்தது. நான் கழிப்பறையைக் காட்டினேன்.

பின்னால் நின்ற தமக்கை பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டா. தம்பி பட்டணத்தில் வளர, அவ பாட்டியோடு வளர்ந்த கடலோரக் கிராமத்தில் வீட்டிலேயே ஐரிஷ்தான் பேச்சாம். மூச்சு விடாமல் பேசினா. கடவுளும் மாதாவும் இரண்டொரு தடவை வந்துபோனது மட்டும் விளங்கியது. நான் எல்லாவற்றுக்கும் ஆமென்று ‘ஓம், ஓம்’ போட்டுத் தலையாட்டினேன்.

மதியம் சாப்பாட்டு மேசையில், பசிக்கிறதா என்று அவவிடம் ஐரிஷில் கேட்டேன்.

“தா,” என்றா அவ, சிரித்தபடி.

மனைவியின் முகம் மாறியது. “வந்தும் வராததுமா ‘தா’ எண்டு கேக்கிறா. ஒரு ‘தாங்கோ’ எண்டு சொல்லத் தெரியாதோ?” என்று என் காதுக்குள் சீறிவிட்டு, கோபத்தில் சோற்றை மலையாகக் குவித்தாள். விருந்தாளி அதையும் சாப்பிட்டு முடித்தா.

பிறகுதான் அவ ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினா. ‘தா’ என்றால் ‘இருக்கிறது’. நான் மனைவியிடம் சொன்னேன்: “அவைக்கு ‘ஓம்’ எண்ட சொல்லே கிடையாதாம். சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டால், சாப்பிட்டனான் எண்டுதான் சொல்லுவினமாம்.”

“நாங்களும் அப்பிடித்தானே சொல்லுறம். இதுக்கோ மூண்டு மாதம் படிச்சனீங்கள்?”

“படிச்சனான்.”

கல்யாணத்தன்று தமக்கை மணவறைக்கு ஏறி, மணமக்களை ஐரிஷில் நீளமாக வாழ்த்தினா. ஒலிவாங்கியை என்னிடம் தந்து, தமிழில் சொல்லும்படி கண்ணால் கேட்டா. மண்டபமே என்னைப் பார்த்தது. எனக்கு விளங்கியது ‘கடவுள்’, ‘வீடு’, ‘பிள்ளைகள்’ என்ற மூன்று சொற்கள். “கடவுள் கிருபையால வீடு நிறையப் பத்துப் பிள்ளையள் பெறவேணுமெண்டு ஆசீர்வதிக்கிறா,” என்றேன். சனம் கைதட்டிக் கூரையைப் பிரித்தது. மருமகள் மாலைக்குள்ளிருந்து முறைத்தாள்.

“மாமா, அவ உண்மையா அப்பிடியோ சொன்னவ?” என்று பந்தியில் வந்து பிடித்தாள்.

“எனக்கு விளங்கினதைச் சொன்னனான் பிள்ளை.”

பத்து என்பது நான் சேர்த்தது. இதுவரை ஒன்று பிறந்திருக்கிறது.