கோபக்காரச் சம்மனசு

கரவனெல்லைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடுவது என் வேலை. மற்ற நேரத்தில் படம் வரைவேன், தோட்டத்து மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பேன். இப்போது நடந்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதவும் தொடங்கியிருக்கிறேன். இந்த மூன்றுக்கும் என் மனைவி வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: கிறுக்கல். ஆர்மோனியம் வாசிப்பதும் அவளுக்குக் கிறுக்கல்தான்.

ஒரு வருஷம் கிறிஸ்மஸ் நாடகத்துக்குத் திரை வரையச் சொன்னார் சாமியார். மாவு மூட்டைத் துணிகளைச் சேர்த்துத் தைத்தோம். சலவை நீலத்தைக் கரைத்து வானம் போட்டேன். பெத்லகேமை நான் கண்டதில்லை. அதனால் அங்கே ரப்பர் மரங்கள் நின்றன. மாட்டுக் கொட்டிலுக்கு மேலே ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், பறக்க வேண்டும். சம்மனசையும் நான் கண்டதில்லை. கண்ணை மூடினாலும் தெரிகிற முகம் ஒன்றுதான் எனக்கு இருந்தது. அதை வரைந்து இரண்டு சிறகு ஒட்டிவிட்டேன்.

நாடகத்தன்று பின்னேரம் திரையை அவிழ்த்துவிட்டார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "ஐயோ, நம்ம அக்கா!" என்று கத்தினார்கள். அவர்களோடு பால் வெட்டும் அந்த அக்கா, அதாவது என் மனைவி, முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் ஆர்மோனியத்தில் என் விரல்கள் வழி தவறிப்போயின. பிறப்புப் பாட்டுக்குப் பதிலாகக் கல்யாணப் பாட்டு வந்துவிட்டது. சனமும் கவனிக்காமல் கூடவே பாடியது. மாதாவின் கணவர் சூசையப்பராக வேஷம் போட்டவருக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

நாடகம் முடிந்ததும் சாமியார் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். என் மனைவியைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, சம்மனசு இவ்வளவு கோபமா இருக்கே?"

"விடியுறதுக்கு முன்னுக்கே எழும்பி பால் வெட்டப் போனா, எந்தச் சம்மனசுக்கும் மூஞ்சி இப்பிடித்தான் சாமி இருக்கும்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. இதை எழுதி வாசித்துக் காட்டியபோது, "ஒரு நாளுதான். பொய் எழுதாதீங்க" என்றாள். நான் மூன்று என்றே விட்டிருக்கிறேன், எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

பேச்சு திரும்பி வந்தபோது, குற்றச்சாட்டோடுதான் வந்தது. "காதுல ஒண்ணும் இல்லாம மொட்டையா நிக்குது. அத்தனை பேரு முன்னால எனக்குத் தோடுகூட இல்லன்னு காட்டிட்டீங்க." அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முந்தியே போய் இரண்டு தோடு வரைந்தேன். மூக்குத்தியும் வேண்டுமென்றாள். அதையும் வைத்தேன்.

மறு வருஷம் அந்தத் திரையைக் கேகாலைக் கோயிலுக்குக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஆர்மோனியம் வாசிக்க என்னையும் வரச் சொன்னார்கள். அவள் லீவு போட்டாள். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள், நல்ல சேலையாகத் தேடி உடுத்திக்கொண்டு, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே திரைக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள். பக்கத்தில் நின்ற ஒரு சிங்கள அம்மா, இந்தச் சம்மனசு ஏன் முறைக்கிறது என்று கேட்டார். என் மனைவி என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவாள். "அதுக்கு வேலை கூட, நோனா. வீட்டுல ஒத்தாசைக்கு ஆளில்ல" என்று சிங்களத்தில் சொன்னாள். அந்த அம்மா சம்மனசையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்ற என்னையும் பார்த்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "அடுத்த தடவ சிரிக்கிற மாதிரி வரைங்க" என்றாள்.

"அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதே. ஒரு தரம் காட்டு."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கன்னம் அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது.