இழுவை கூடிய வண்டி

மிராசுதாரர்களுக்கும் வயல் கூலியாட்களுக்கும் நடந்த கூலித் தகராறில் கீழத்தஞ்சை கொதித்துக்கொண்டிருந்த காலம். தஞ்சாவூரில் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு டாக்டரம்மா தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். ஒல்லியான உருவம், புடவைக் கரையில் எப்போதும் காய்ந்த சேறு. நாற்காலி போட்டாலும் உட்காராமல், வண்டிக்கு அடியில் நடக்கும் வேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார்.

ஒருநாள், பின் அச்சின் பல்சக்கரங்களை மாற்றச் சொன்னார். வேகம் குறைந்தாலும் இழுவை கூட வேண்டுமாம்.

“தினம் ஓட்டுற வண்டிங்க. மெயின் ரோட்டுல கத்தும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்,” என்றேன்.

“கத்தட்டுங்க. போன வாரம் பிரசவம் பார்க்கப் போறப்ப வாய்க்கால் கரையில வண்டி புதைஞ்சிருச்சு. எதிராளி வீட்டுக்குப் போறேன்னு, நின்னவங்க யாரும் தள்ளல. நான் நடந்து போறதுக்குள்ள பிள்ளை போயிருச்சு.”

“யாருங்க தள்ளாதது? மிராசு ஆளுங்களா, கூலி ஆளுங்களா?”

“அதைச் சொன்னா, நாளைக்கு அவங்க வீட்டுப் பிரசவத்துக்கு நான் எப்படிங்க போறது?”

மாற்றிக் கொடுத்தேன். மழைக்காலம் முடிந்து வந்தவரிடம், “எங்கயாவது மாட்டிக்கிச்சாங்க?” என்று கேட்டேன்.

“இல்லைங்க. இப்ப தள்ள யாரையும் கூப்பிட வேண்டியதில்ல,” என்றார்.

சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.